மேகமில்லாத ஒரு படம்

தகவல் உரிமைச் சட்டப்படி முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். நான் கேட்டதோ ஒரே ஒரு செயற்கைக்கோள் படம்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் உத்தராகண்ட் பெண் பனியன் கம்பெனியில் தைக்கிறாள். அவள் அம்மா மலையூரில் தனியாக இருந்தார். கோடையிலும் கரையாத ஒரு பனித்திட்டுதான் அந்த ஊர் ஓடைக்குத் தண்ணீர். அது சுருங்கினால் அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ள வேண்டும் என்று மகள் தவித்தாள். அம்மா மசியவில்லை.

புதுப்பனி விழுமுன், புரட்டாசியில் எடுத்த படங்களைத்தான் ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும். இணையத்தில் கிடைத்த கடைசிப் படம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

"பனி நெறையா இருக்குதுங்களே," என்றாள் என் மனைவி.

"அது மேகம்."

"அப்ப மேகத்துக்கும் ஒரு மனுப் போடுங்க, விலகிக்கும்."

தெளிவான படம் கேட்டு மனுப் போட்டேன். பிறகு நினைவூட்டல், மேல்முறையீடு. சித்திரையில் ஓடை நின்றுபோனது; அம்மா தானாகவே ரயிலேறி வந்துவிட்டார். மனைவி மாடிக்குக் கம்பளி கொடுத்தனுப்பினாள், திருப்பூர் வெயிலில்.

ஒருவழியாகப் படம் வந்தது. திட்டு நகத்தளவு மிஞ்சியிருந்தது. அம்மா அதை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அன்று ஆடிப் பதினெட்டு.