எத்தாளைக்கு வந்த சொவாவே வைன்

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. கொழும்பு ரயில் என்னைச் சிலாபத்தில் இறக்கிவிட்டபோது கையில் ஒரு போத்தல் இருந்தது. பழைய சேலைத் துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போலத் தூக்கி வைத்திருந்தேன். உள்ளே இருந்தது வெள்ளை வைன்.

இத்தாலியில் வெரோனாவுக்குக் கிழக்கே சொவாவே என்றொரு மலைப்பக்கம் உண்டு. அங்கே திராட்சை பறிக்கும் ஜூட், எத்தாளையில் இருக்கும் தன் மனைவி மேசிக்குக் கொடுத்துவிட்ட போத்தல் இது. அறுவடை முடிந்ததும் முதலாளி ஆளுக்கொன்று கொடுப்பாராம். ஜூட் அதை ஊருக்குப் போகும் யார் தலையிலாவது கட்டிவிடுவார். என் அக்கா வெரோனாவில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போய் நான் அகப்பட்டுக்கொண்டேன். ஜூட் போய் ஆறு வருடமாகிறது. பேப்பர் சரிவரவில்லை. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது என்பதால் ஒருமுறைகூட வரவில்லை.

அக்டோபரில் என்னையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கறுத்த எரிமலை மண். ஆள் உயரப் பந்தலில் கொடி, தலைக்கு மேலே மஞ்சள் தட்டிய குலைகள். முதலாளி எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார். தேசிக்காய் போல வெடுக்கென்ற புளிப்பு, கடைசியில் வாதுமைப் பருப்பின் மெல்லிய கசப்பு. “இது புதிதாகக் குடிப்பதற்கு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்தால் செத்துப்போகும்” என்றார். ஜூட்தான் மொழிபெயர்த்தார். பெரிய விஷயம் தெரிந்தவள் மாதிரி நானும் தலையாட்டினேன்.

சிலாபத்திலிருந்து பாலாவிச் சந்தி வரைக்கும் பஸ்ஸில் நின்றபடிதான் பயணம். அங்கே கற்பிட்டி பஸ்ஸுக்கு மாறினேன். உப்பளம், காற்றாலை, பிறகு வெங்காயத் தோட்டங்கள். வெள்ளை மணலில் தண்ணீர் சுழன்று சுழன்று தெளித்துக்கொண்டிருந்தது. எத்தாளையில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போக முச்சக்கரவண்டி பிடித்தேன். நானூறு ரூபாய்.

“என்ன மிஸ், புள்ளயா?” என்றார் சாரதி, ஒரு முஸ்லிம் நானா.

“வைன்.”

“அல்லாவே! அத எனக்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாமே. சரி, இறுக்கிப் புடிச்சிக்கிங்க. ரோட்டு முழுக்கக் குழி, ஒடஞ்சா என்ட சீட்டு மணக்கும்.”

அந்த மனிதர் குழிக்குக் குழி நிறுத்தி, மணவறைக்குப் போவதுபோல வண்டியை ஊர்ந்து ஓட்டினார்.

மேசிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கரைவலைக்காரரிடம் மீன் எடுத்துக் கருவாடு போடுகிறாள். “இரிங்க அக்கா” என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். போத்தலை வாங்கி ஒருமுறை முத்தமிட்டாள். பிறகு அலுமாரியைத் திறந்தாள். கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில் ஐந்து போத்தல்கள், ஒன்றுகூடத் திறக்கப்படாமல் நின்றன.

“அவர் வந்தாப் பொறகு ரெண்டு பேரும் ஒண்டாக் குடிக்க வச்சிருக்கிறன். வைன் பழசாகப் பழசாகத்தானே நல்லம்?”

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாழாய்ப்போன வாய், கேட்டால்தானே? முதலாளி சொன்னதைச் சொல்லிவிட்டேன். முதல் வருடத்துப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறியிருந்தது.

மேசி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். “இதத் தொறந்தா அவர் இப்ப வரமாட்டார் எண்டு நானே சொன்ன மாதிரி ஆயிடும், அக்கா.” அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நெடுநேரம் கழித்து அவளே எழுந்தாள். நான் கொண்டுவந்த போத்தலை மீன் போடும் பெட்டியில், ஐஸுக்குள் புதைத்தாள். மாலையில் பாரைமீன் பொரித்தாள். தக்கை திறக்கும் சாமான் கடற்கரையிலேயே கிடையாது. அகப்பைக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளினோம். ஜூட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். அங்கே மத்தியானம், குளிர்த் தொப்பியோடு கொடி வெட்டிக்கொண்டிருந்தார்.

“போத்தலத் தொறந்திட்டன்” என்றாள் மேசி. “எப்பிடி இருக்கும் எண்டு சொல்லுங்க, குடிக்கிறன்.”

அவர் கொடி வெட்டுவதை நிறுத்தினார். பிறகு மெல்ல, “எனக்குத் தெரியாது மேசி” என்றார். “நான் குடிச்சதே இல்ல. உன்னோடதான் குடிக்கிற எண்டு இருந்தன்.”

“இத்தின வருசமா அந்தத் தோட்டத்துக்குள்ள நிண்டா? பைத்தியமே! போங்க, போய் முதலாளிட்டக் கேட்டு ஒரு கிளாஸ் வாங்கிட்டு வாங்க!”

திரை ஆடியது. ஓடினார் மனிதர். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது கையில் ஒரு கிளாஸ் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள்.

“சீ, புளிக்குது!” என்றாள் மேசி.

“ஓம், புளிக்குதுதான்” என்றார் அவர். சிரித்தார், பிறகு தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இனி போத்தல் அனுப்ப வேணாம். அங்கயே குடிங்க. நீங்க வந்தாப் போதும்.”

எனக்கும் ஒரு கிளாஸ் தந்தாள். மலையில் குடித்த அதே வைன்தான். அங்கே புளிப்பு, கசப்பு என்று பிரித்து ருசி பார்த்தேன். இந்த மணலில் அதெல்லாம் தோன்றவில்லை. பொரித்த மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டே குடித்து முடித்தேன்.

மறுநாள் காலை நான் புறப்பட்டபோது பழைய போத்தல்கள் காலியாகிக் கிணற்றடியில் கிடந்தன. அலுமாரி திறந்திருந்தது. அவை நின்ற தட்டில், மடிப்புக் கலையாத ஆண் சட்டைகள் அடுக்கியிருந்தன.

“அவர்ட உடுப்புப் பெட்டிக்குள்ள கிடந்தது, ராவே எடுத்துக் கழுவிக் கடக்காத்தில காயப்போட்டு விடியவே மடிச்சிட்டன்” என்றாள் மேசி. “வந்து இறங்கினா மாத்திறதுக்கு உடுப்பு வேணுமே, அக்கா.”