கட்டையை விடாமல் அழுத்தினால்

என் கடைக்கு ரிப்பேருக்காகக் கீபோர்டு, ஹார்மோனியம், ஆம்ப்ளிஃபையர் என்று என்னென்னவோ வரும். பேய் வந்தது ஒரு முறைதான். அதுவும் பள்ளிகொண்டாவிலிருந்து குட்டியானை வண்டியில் வந்தது.

இடுப்புயர மரப்பெட்டி, மேலே ஹார்மோனியத்தில் இருப்பதுபோல வெள்ளைக் கட்டைகள். கூட வந்தவர் எழுபதைத் தாண்டியவர், ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பார்த்து ஓய்வு பெற்றவர். மாதா கோயிலில் தூக்கிப் போட இருந்ததைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். இந்த வாத்தியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு தொங்கும். அழுத்தினால் அது ஓடி, பதிந்திருக்கும் குரல் எட்டு விநாடி பாடும். விட்டால் ஸ்பிரிங் டேப்பைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். அந்தக் காலத்து ஃபாதர் ஒருவர் அதிலிருந்த வெளிநாட்டுக் குரல்களை எடுத்துவிட்டு, பாடகர் குழுப் பெண்களை ஆளுக்கொரு சுரம் பாடவைத்துப் பதிந்திருக்கிறார்.

அவர் ஒரு கட்டையின் மேல் விரலை வைத்தார். அழுத்தவில்லை.

"இதுல என் சம்சாரம் இருக்குதும்மா. செல்போனெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டா. அவ குரல் வேற எதுலயும் இல்ல."

"பதியும்போது நீங்க இருந்தீங்களா அங்கிள்?"

"உள்ள போவல. கம்பெனியிலிருந்து நேரா வந்தேன், சட்டையெல்லாம் ஒரே தோல் நாத்தம். சைக்கிளப் புடிச்சினு வெளியவே நின்னேன்."

பெட்டியைத் திறந்ததும் அதே வாடைதான் என் முகத்தில் அடித்தது. டேப்பை, அதைப் படித்து ஒலியாக்கும் ஹெட்டோடு சேர்த்து அழுத்த, ஒவ்வொரு கட்டைக்கும் கீழே சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கவேண்டும். இங்கே எல்லாக் கட்டையிலும் தோல். எங்கள் பக்கத்தில் எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்து தோல் துண்டுதான். கட்டில் ஆடினாலும் சரி, ஜன்னல் தடதடத்தாலும் சரி, ஒரு துண்டை வெட்டிச் செருகிவிடுவார்கள். தோல் மெத்தென்று இருக்க அதில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அந்த எண்ணெய் வருஷக்கணக்கில் டேப்பில் இறங்கி, பழுப்புப் பூச்சைக் கூழாக்கியிருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்தப் புண்ணியவான் இந்த வேலையப் பண்ணது? கை வைக்கத் தெரியலன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே!"

அவர் குனிந்து அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்தார்.

"நான்தாம்மா. அவ போனப்புறம் பாத்தேன், ஃபெல்ட்டப் பூச்சி தின்னுட்டிருந்திச்சு. அவ குரலாச்சே, மட்டமான சாமான் வைக்க மனசு வரல. எக்ஸ்போர்ட் லைனிங் தோல் வச்சேன்." பிறகு என்னைப் பார்த்தார். "அப்போ நானே அவ வாயை அடச்சிட்டனா?"

என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

தோலை எல்லாம் பிய்த்து ஃபெல்ட் ஒட்டி, டேப்புகளைத் துடைத்து முடித்த பிறகு அவரை வரச் சொன்னேன். கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். பேய், பிசாசு என்றால் சிரிக்கிறவள் நான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் மூச்சிழுக்கும் சத்தம், பிறகு 'ஆ' என்று ஒரு பெண். கையை எடுத்ததும் நறுக்கென்று மறைந்துவிடுவாள். அடுத்த கட்டையில் இன்னொருத்தி மூச்சிழுப்பாள்.

"இவங்க பாகாயத்துல நர்ஸு, தவறிட்டாங்க. இவங்க இருக்காங்க, கண்ணு தெரியல. இவங்களும் தவறிட்டாங்க" என்று நாற்காலியிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

அவர் மனைவியின் கட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதில்தான் அவர் இருப்பதிலேயே மெத்தென்ற தோலை வைத்திருந்தார்; எண்ணெய் அதிகம் இறங்கி, தோல் படிந்த முன்பகுதியில் பூச்சு முழுக்க உரிந்து போயிருந்தது. அதை வெட்டிவிட்டு, வெற்று டேப்பை ஒட்டி, மிச்சத்தைக் காப்பாற்றியிருந்தேன்.

"பாட்டு பெரும்பாலும் போய்டுச்சி அங்கிள். வால் மட்டும்தான் இருக்கு."

"இருக்கறதப் போடும்மா."

அழுத்தினேன். இரைச்சல். பிறகு பாதியிலிருந்து ஒரு குரல், மெல்லியது, இறங்கிக்கொண்டே போய் மூச்சு தீர்ந்து நின்றது. அவ்வளவுதானா என்று தோன்றியது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை, டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு வாசிக்கிறவர்கள் யாரும் ஒரு கட்டையை இவ்வளவு நேரம் பிடித்திருக்கமாட்டார்கள். இந்தக் கடைசித் துண்டை இதற்குமுன் யாரும் கேட்டிருக்க வழியில்லை.

நாற்காலி நகரும் சத்தம். பிறகு அதே குரல், பாடாமல், பேசியது.

"போதுமா ஃபாதர்? அவரு வெளிய நின்னுனு இருக்காரு, பாவம்."

பெரியவர் எழுந்து நின்றார். சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

"இங்கதான் இருக்கேன், வா" என்றார்.

டேப் முடிந்து நின்றுவிட்டது. கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை இழுத்துக்கொள்ளும். நான் எடுக்கவில்லை.