நாலு சீமெந்து வாங்குகளும் றிஸானா மதினியின் கடையும்

வீட்டுக்குப் பிளான் கீறுறவனுக்கு எசமான் ஒருத்தர்தான். ஒழுங்கைக்குப் பிளான் கீறப் போனவனுக்கு, அந்த ஒழுங்கையில படலை வெச்சிருக்கிற அத்தனை பேரும் எசமான். இந்தத் தொழிலில மாட்டிக்கொண்ட சகோதரங்களே, இனி மாட்டப் போறவங்களே, கொஞ்சம் கேளுங்க.

கல்முனைக் கடைத்தெருவுக்குப் பின்னால, எங்கட வீட்டுப் பின்மதிலை ஒட்டி ஒரு ஒழுங்கை போகுது. ஒரு ஓட்டோ நுழைஞ்சா எதிரில வாற ஆடு மதிலோட ஒட்டிக்கொண்டு நிக்கணும், அவ்வளவுதான் அகலம். உடைஞ்ச கழிவுத்தண்ணிக் கான், பாசி பிடிச்ச மதில், ஆரும் சொந்தம் கொண்டாடாத குப்பை. அதைத் திருத்தி, பின்மதில்களில சின்னச் சின்னக் கடை திறந்து, வடிவான இடமாக்கித் தாங்க எண்டு மாநகர சபையில என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. இருபது வருசமா அடுத்தவங்கட குசினிக்கும் குளியலறைக்கும் கோடு கீறினவன் நான். ஒரு தெருவையே கையில தந்தா விடுவனா?

ஆள் எண்ணின கதை

முதல் வேலை, ஒழுங்கையால எத்தனை பேர் போய் வாறாங்க எண்டு பார்க்கிறது. கொப்பியும் பென்சிலுமா ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக் குந்தினன். மூணு நாள், காலை பத்து மணியிலிருந்து பகல் லுஹர் தொழுகை வரைக்கும். வெயில் உச்சி மண்டையைப் பொளந்துது. வந்தது ரெண்டு ஆடு, மதிலுக்கு மேல ஒரு பூனை, சைக்கிளில ஒரு மீன்காரர். 'ஆளில்லாத ஒழுங்கை' எண்டு கொட்டை எழுத்தில எழுதி அறிக்கையை முடிச்சன். அந்த வரியை ஞாபகத்தில வெச்சுக்கொள்ளுங்க, பின்னால என்னைக் கடிச்சது அதுதான்.

மூணாம் நாளும் என்னை அதே கதிரையில கண்ட மீன்காரர் சைக்கிளை நிப்பாட்டினார். எங்கட பக்கத்தில மாப்பிள்ளைமார் பொண்ணு வீட்டுக்குத்தான் போய் இருக்கிற எண்டது அவருக்குத் தெரியாதா? குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என்ன மனே, மாமியோட ஏதும் கோவமா? வெளியே குந்த வெச்சிட்டாவா?"

மாமியின் மதில்

கடைக்கு மதிலை வெட்டணும் எண்டு வீடு வீடாப் போய்க் கேட்டன். எல்லாரும் தேத்தண்ணி தந்தாங்க, மதிலைத் தரல்ல. "முதல்ல உங்கட மதிலை வெட்டிக் காட்டுங்க" எண்டாங்க. நியாயம்தானே.

எனக்கு வேற ஒரு அவசரமும் இருந்தது. மனைவி பஸீலாட பெரியம்மா மகள் றிஸானா, எனக்கு மதினி முறை. பொம்புளையள் உடுக்கிற அபாயா தைக்கிறதில அவக்கு நிகர் அவதான். அவட மாப்பிள்ளைக்கு இடுப்பு அடிபட்டதிலிருந்து கடலுக்குப் போக ஏலாது, ரெண்டு பொம்புளைப் புள்ளையள் படிக்குதுகள். அவட வீடு ஊருக்கு உள்ளே, ஆரும் தேடி வரமாட்டாங்க. கடைசியில குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவெண்டு பாஸ்போட் எடுத்து, தையல் மெசின் லாச்சிக்குள்ள வெச்சிருந்தா. "எங்கட மதிலில வெட்டுற முதல் கடை உங்களுக்குத்தான், போகாதீங்க" எண்டு நான் வாக்குக் குடுத்திட்டன். அவ சொன்னது: "ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாக்கிறன் தம்பி. மறுகா அல்லாஹ் விட்ட வழி."

வாக்குக் குடுத்த பிறகுதான் மதில் ஆருட எண்ட யோசனை வந்தது. மாமி முன்னால போய் நிண்டு, ஒழுங்கை, ஊர், முன்னேற்றம் எண்டு அரை மணித்தியாலம் கதைச்சன். வெத்திலையை மெண்டுகொண்டு முழுதையும் கேட்ட மாமி, அமைதியாச் சொன்னா: "மருமகன், இந்த வளவ நான் உங்களுக்குத் தரல்ல, என்ட மகளுக்குத் தந்த. ஒடைக்கிறெண்டா அவக்கிட்டப் போய் கேளுங்க."

தோணி

பஸீலா ஓம் எண்டா. மதிலில கதவு வெட்டி, உள்பக்கம் ஒரு சின்ன அறை எழுப்பினம். கானுக்கு மூடி போட்டம். மதிலுக்கு வெள்ளை அடிச்சு, ஊர் ஞாபகத்துக்கு நீலக்கடலும் தோணியும் கீறுவிச்சன். ஆள் உருவம் வேணாம் எண்டது முதலே கதைச்ச கதை, அதால தோணி மட்டும். எனக்குப் பெருமை தாங்கல்ல. நூறு படம் பிடிச்சு வட்ஸ்அப்பில போட்டன்.

அடுத்த நாள் வயசான ஒரு மீனவர் வந்து, கையைப் பின்னால கட்டிக்கொண்டு, கனநேரம் படத்தைப் பார்த்தார். பாராட்டத்தான் போறார் எண்டு பக்கத்தில போய் நிண்டன். மனுசன் தலையை ஆட்டினார்: "தண்டும் இல்ல, இஞ்சினும் இல்ல. இந்தத் தோணிய மறுகா கரைக்குக் கொண்டு வாறது ஆரு, நீங்களா?"

வாங்கு

ஒழுங்கைக்கு உயிர் வரணுமெண்டா ஆக்கள் குந்தணும். இது நான் எங்கேயோ படிச்சது. ஆகவே மேசன் பாஸைப் பிடிச்சு, குந்துறதுக்கு நாலு சீமெந்து வாங்கு கட்டுவிச்சன். சாயிறதுக்கு முதுகும் வெச்சு, நல்ல பலமா. மதினிட கடைக்கு நேர் எதிரில ரெண்டு, கொஞ்சம் தள்ளி ரெண்டு. மேல பிரகாசமான லைட்.

கடை திறந்த அண்டைக்கே வாங்கு நிரம்பிட்டு, மாஷா அல்லாஹ்! பின்னேரம் அஸர் தொழுதிட்டு ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருத்தர் வந்தார். அவருக்குப் பின்னால அவர்ட கூட்டாளிமார். பிளேன்டீ வந்தது, அரசியல் வந்தது, உலகத்து யுத்தமெல்லாம் எங்கட ஒழுங்கையில தீர்ந்தது. நானும் இடையில குந்தி, ஒழுங்கை உயிர் பெத்திட்டு எண்டு பூரிச்சுப் போனன். மதினிட கடைக்கு மட்டும் ஒரு ஈ, காக்கா வரல்ல. ஒரு கிழமை, ரெண்டு கிழமை, மூணு கிழமை. நான் இன்னும் ஒரு லைட் போட்டன். பெரிய எழுத்தில கடைப் பேர்ப்பலகை அடிச்சு மாட்டினன். அவ மெசினைத் துடைச்சிட்டு இருந்தா.

பெருநாளைக்கு ஒரு மாசம்தான் கிடந்தது. ஒருநாள் கதவைச் சாத்திற நேரம், வாங்கில இருக்கிறவங்கட பக்கம் கண்ணைக் காட்டி மதினி கேட்டா: "தம்பி, இவங்க ஆராச்சும் அபாயா உடுக்கிறாங்களா?"

சோறு ஆக்கிற நேரம்

அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல. என்ட பேச்சைக் கேட்டு ஒரு மனுசி தன்ட கடைசி நம்பிக்கையை ஒரு மதில் ஓட்டைக்குள்ள கொண்டு வந்து வெச்சிருக்கா, அது என்னால பாழாகுது. பஸீலாக்கிட்ட சொல்லிப் புலம்பினன். ஆளில்லாத ஒழுங்கைக்கு ஆக்களைக் கொண்டு வந்தும் ஏன் வியாபாரம் இல்ல?

அவ கையில இருந்த அகப்பையைக் கீழே வெச்சா. அப்பதான் எனக்கு ஒரு விசயம் உறைச்சுது. மூணு கிழமையா பஸீலா தங்கச்சி வீட்டுக்குப் பெரிய ரோட்டால ஓட்டோவில போய் வாறா. முந்தி பின்படலையைத் திறந்தா ரெண்டு நிமிசம். அவ மட்டுமா? அஸருக்கும் பொழுதுபடுற மஃரிபுக்கும் இடையில இந்தப் பக்கத்துப் பொம்புளையள் எல்லாம் அந்த ஒழுங்கையாலதான் போய் வாறது. புள்ளையள ஓதப் பள்ளிக்கு விடுறது, உம்மாவைப் பார்க்கிறது, கறிக் கோப்பையோட ஒரு படலையிலிருந்து மறு படலைக்குப் பாயிறது. வரிசையாக் குந்தியிருக்கிற ஆம்புளையளுக்கு முன்னால, அதுவும் கண்ணைக் கூசுற லைட்டில, ஆர் போவாங்க?

"அது ஆளில்லாம கிடந்த ஒழுங்கை எண்டு ஆரு சொன்ன?" எண்டா பஸீலா. "நீங்க ஆள் எண்ணின நேரம், நாங்க சோறு ஆக்கிற நேரம்."

பலமா

விடிஞ்சதும் மேசன் பாஸைக் கூப்பிட்டன். அதுக்கு முதல் அதிபர் சேரைப் பார்க்கணும். அவர்ட இடத்தைப் பறிக்கிறது லேசான காரியமா? ஒழுங்கை முனையில, வேம்புக்குக் கீழ, பஸ் ரோட்டைப் பார்த்து வாங்கு கட்டித் தாறன் எண்டு தயங்கித் தயங்கிச் சொன்னன். காரணத்தையும் சொன்னன். சண்டைக்கு வருவார் எண்டு நான் நினைக்க, மனுசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்: "அப்ப மூணு கிழமையா என்ட மனுசி தங்கச்சி வீட்டுக்குப் போகாம மூஞ்சைத் தூக்கிக்கொண்டு இருக்கிறதுக்குக் காரணம் நான்தானா?"

பாஸ் அப்படி இல்ல. தன் கையால கட்டினதை உடைக்கிற வேதனை அவருக்கு. சம்மட்டியை ஓங்கி நாலு அடி அடிச்சும் வாங்கு அசையல்ல. வேர்வையைத் துடைச்சு, என்னை மேலிருந்து கீழ பார்த்தார்: "போன மாசம் பலமாக் கட்டுங்க எண்டீங்க. இப்ப பலமா ஒடைங்க எண்டுறீங்க. ரெண்டுக்கும் ஒரே பிளான்தானா, சேர்?"

அஸருக்குப் பிறகு

வாங்கு நாலையும் ஒரு வழியா ஒடைச்சு, முனையில புதுசாக் கட்டி, பெரிய லைட்டைக் கழற்றி, படலைக்குப் படலை சின்ன லைட் போட்டம். முதல் நாள் ரெண்டு பேர், அதில ஒருத்தி பஸீலா. மூணாம் நாள் அதிபர் சேர்ட மனுசி ரெண்டு மருமக்களோட வந்து மூணு அபாயாவுக்கு அளவு குடுத்தா. அதோட கதை பரவிட்டு. பொம்புளையள் தங்கட கதிரையைத் தாங்களே கொண்டு வந்து, தாங்களே கொண்டு போனாங்க. மதிலைத் தராதவங்க தாங்களே வந்து 'எங்கடதையும் வெட்டுங்க' எண்டாங்க. இப்ப ஒரு கதவில சம்சா, ஒரு கதவில மருதமுனைக் கைத்தறி, ஒண்டில வட்டிலப்பம். அஸருக்குப் பிறகு நான் என்ட வீட்டுப் பின்படலையால வெளிய வாற இல்ல. சொன்னா நம்புங்க, அதில எனக்குச் சந்தோசம்தான்.

பெருநாளைக்கு எட்டு நாள் இருக்கக்குள்ள, குவைத்துக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரர் வந்தார். விசா வந்திட்டு, பாஸ்போட்டைத் தாங்க எண்டு கடை வாசலில நிண்டார். நான் படலைக்கு உள்பக்கம் இடுக்கால பார்த்துக்கொண்டு நிக்கிறன். மதினி மெசின் லாச்சியை இழுத்தா. அவர் கையை நீட்டினார். அவ உள்ளே கையை விட்டு அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில போட்டுக்கொண்டு, லாச்சியைச் சாத்தினா. எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டு, வெக்கமில்லாமச் சொல்றன்.

"அஸர் ஆகிட்டு, தம்பி. இனி இது பொம்புளையள்ட நேரம்" எண்டா மதினி ஏஜென்சிக்காரரிட்ட. "உங்கட மனுசிய அனுப்புங்க, பெருநாளைக்கு அளவெடுக்கணும்."

இருபது வருசம் கோடு கீறி நான் படிச்ச பாடம் இவ்வளவுதான்: ஒரு ஒழுங்கையை அளக்கிறதுக்கு முதல், வீட்டில சோறு எத்தினை மணிக்கு ஆக்கிற எண்டு கேட்டுக்கொண்டு போங்க.