இடப்பக்கத்துப் பிரேக்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிரேக் பிடிக்க மட்டும் தெரியும்.

கலியாணமான புதிதில், என் ஆசிரியச் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் காரில் அவரை இடப்பக்கம் ஏற்றிக்கொண்டு திருகோணமலை முழுவதும் திரிந்தேன். நான் ஓட்ட, அவர் வலது காலால் காரின் வெறுந்தரையை மிதித்துக்கொண்டே வருவார். மாடு தெரிந்தால் மிதி. சைக்கிள் தெரிந்தால் மிதி. கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம் அது. காரை மிதவையில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். ஒருநாள் எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கட்டையும் வைத்துவிட்டு மிதந்துகொண்டிருந்தோம். அக்கரை கிட்ட வந்ததும் மனுசன் தரையை ஓங்கி மிதித்தார். மிதவைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் என் மானம் கடலோடு போனது.

அது ஆமைக் கார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டி வைக்கும் இடமும், பெட்டி வைக்கும் இடத்தில் எஞ்சினுமாக யாரோ தலைகீழாகச் செய்த கார். ஊர் குழம்பிய காலத்தில் அது கைவிட்டுப் போயிற்று. பிறகு வந்த கார்களில் தரைக்குத் தடித்த கம்பளம் இருந்தது. அவர் மிதித்தாலும் எனக்குக் கேட்காது. வீட்டில் சண்டை குறைந்தது.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கையைக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டது. நாக்கைத் தொடவே இல்லை. வலது காலை மட்டும் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காலிலை உயிர் இருக்கு டீச்சர். ஐயாதான் முயற்சி செய்யிறார் இல்லை. இப்பிடியே விட்டால் பிறகு கஷ்டம்" என்றாள்.

"காலைக் கொஞ்சம் ஊண்டிப் பாருங்கோவன்" என்பேன்.

"ஏலாது."

"பெருவிரலையாவது அசையுங்கோ."

"ஏலாது எண்டு சொல்லிட்டன் எல்லே."

கதிரையில் இருந்தபடி, குசினியில் நான் வெங்காயம் வெட்டுகிற விதம் பிழை என்று சொல்ல மட்டும் அவருக்கு ஏலும். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. ஆகவே பகல் முழுவதும் ஏசினேன். ஏசிக் களைத்த ஒரு மத்தியானம்தான் விளங்கியது. அந்தக் கால் என்றைக்கும் யாருடைய சொல்லும் கேட்டதில்லை. என் ஓட்டத்துக்கு மட்டுமே பயந்திருக்கிறது. வீட்டில் நின்ற காரில் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். குளிர்காற்றுக்குச் சாய்ந்து படுத்துக் குறட்டை விட்டார். அந்த ஆமைக் கார்தான் வேண்டும். அந்த வெறுந்தரைதான் வேண்டும்.

இதை வெளியே சொன்னால் சரிவராது. "பழைய ஆசை" என்று மட்டும் சொன்னேன். "அம்மாவுக்கு விசர்" என்று கனடாவிலிருந்து மகள் தீர்ப்புச் சொன்னாள்.

தேடாத இடமில்லை. கொழும்பில் ஒன்று இருந்தது; கலியாண ஊர்வலத்துக்கென்று மினுக்கி வைத்திருந்தார்கள், தரமாட்டார்களாம். வேறோர் இடத்தில் இரண்டு கதவுகள் மட்டும் இருந்தன. கடைசியில், ஊரெல்லாம் தேடிய சாமான் கிண்ணியாவில், கார் திருத்துகிற ஒரு பாஸின் வீட்டு வளவில் நின்றது. உள்ளே கோழிகள் குடியிருந்தன.

"ஒரு நாளைக்குத் திருத்துவம் எண்டு வெச்சிருந்தன் டீச்சர். கோழி முந்திட்டு" என்றார் பாஸ். "எனக்குத் தாறதுக்கு விருப்பம்தான். பொஞ்சாதி உடமாட்டா. கோழிக்கு வேற கூடு கட்டித் தாங்க, காரக் கொண்டு போங்க."

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் நான் கோழிக்கூடு கட்டிக் கொடுத்தேன். பாஸின் மனைவி வந்து பார்த்து, கதவு சிறிது என்று சொல்லி மாற்றவும் வைத்தார்.

காரின் தரை முழுவதும் கறள் தின்று போயிருந்தது. இருக்கையில் இருந்து பார்த்தால் பாஸின் வளவு மணல் தெரியும். வாரா வாரம் கணவரையும் கொண்டுபோய் மாமர நிழலில் இருத்துவேன். ஓட்டத் தெரியாதவர் திருத்தச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பழைய கார் பச்சை என்று அவர் சாதித்தார். நீலம் என்று நான் சாதித்தேன். கலியாணப் படமோ கறுப்பு வெள்ளை. அவர் கண்ணயர்ந்த ஒரு நாள் நீலம் அடிக்கச் சொல்லிவிட்டேன்.

புதுத் தகடு ஒட்டி முடிந்ததும் பாஸ் கேட்டார்: "மேல கம்பளம் போடுவமா டீச்சர்? நல்ல சிவப்புக் கம்பளம் ஒண்டு இரிக்கி."

"என்ரை பக்கம் போடுங்கோ. ஐயாவின்ரை பக்கம் வெறுந்தகடா இருக்கட்டும்."

"கல்லுத் தெறிச்சாச் சத்தம் கேக்குமே?"

"கேக்கத்தான் வேணும்."

பாஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோழிக்கூடு கட்டிய நாளிலிருந்தே அவருக்கு என்மேல் சந்தேகம்தான்.

பிள்ளையார் கோயில் வாசலில் பூசை வைத்தோம். நான்கு ரயருக்கும் எலுமிச்சம்பழம், முன்னுக்குப் பெரிய செவ்வந்தி மாலை. ஐயர் முன்பக்கம் நின்று கற்பூரம் காட்டினார். உள்ளேயிருந்து கணவர் சத்தம் போட்டார்: "ஐயா, அது வெறும் பெட்டி! எஞ்சின் பின்னாலை!"

ஐயர் திகைத்துப்போய்த் தட்டோடு பின்பக்கம் போனார். நாங்களும் பின்னால் போனோம். அதுதான் பிழை. நகரத்துத் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று ஆறுதலாக வந்து, முன்னால் கட்டிய மாலையைத் தின்னத் தொடங்கிவிட்டது. துரத்தியபோது பாதி மாலையை இழுத்துக்கொண்டு ஓடியது.

"சகுனத்தைப் பாரும்" என்றார் கணவர்.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன். நிலாவெளி வீதி. என் வயதுக்கும் அந்தக் காருக்கும் ஆகாத வேகம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். பள்ளங்களைத் தேடித் தேடி விட்டேன். படுத்திருந்த மாட்டின் வாலை உரசுகிற மாதிரி எடுத்தேன். அந்த மாடே எழும்பிவிட்டது.

"உமக்கு விசரே?" என்று கத்தினார். கை மேலேயிருந்த வாரைப் பிடித்தது. கால் அசையவில்லை. என் காது முழுவதும் அந்தத் தகட்டில்தான் இருந்தது. கல் தெறித்த சத்தம் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நிறுத்தினேன்.

"நல்ல காத்து" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

நான் இறங்கி, எஞ்சினைப் பார்க்கிற சாட்டில் பின்பக்கம் போய் நின்று அழுதேன். இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இதுதான். அதுவும் பாஸ் வீட்டுக் கோழிகளுக்குக் கூடு கிடைத்ததோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது வேகமும் இல்லை, விளையாட்டும் இல்லை. பஸ் நிலையத்தடியில் ஓட்டோக்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். கண் தெருவில் இருந்தது, மனம் அங்கே இல்லை. இரண்டு ஓட்டோக்களுக்கு நடுவிலிருந்து அந்த மான் வெளியே வந்தது. வாயோரத்தில் செவ்வந்தி நார் இன்னும் தொங்கியது.

டங்!

என் கால் பிரேக்குக்குப் போகுமுன்னே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. பிறகுதான் நான் மிதித்தேன். கார் குலுங்கி நின்றது. மான் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, நாரை மென்றபடி கடந்து போனது.

நான் ஸ்டியரிங்கை விடவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. பின்னால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள்.

"மான் போயிட்டுது. ஏன் இன்னும் நிப்பாட்டி வச்சிருக்கிறீர்?"

"நான் எங்கை நிப்பாட்டினனான்? நீங்கள்தானே பிரேக் பிடிச்சனீங்கள்."

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் தகட்டில் ஊன்றியபடி இருந்தது.

"பின்னாலை சனம் ஏசுது, எடும் காரை" என்றார். குரல் வழக்கம்போல் இல்லை.

"முதல்லை நீங்கள் காலை எடுங்கோ. பிறகு நான் எடுக்கிறன்."

ஹோர்ன் சத்தம் தெருவை நிறைத்தது. நான் எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் வாரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, என்னை ஏசிக்கொண்டே அந்தக் காலை மெல்ல எடுத்தார்.