ஒன்றும் சொல்ல விரும்பவில்லை

புதன்கிழமை காலை பத்தே கால் மணி. தேநீர் இடைவேளைக்கு மெஷின்கள் அப்போதுதான் நின்றிருந்தன. அந்த இரைச்சல் ஓய்ந்ததும் காதுக்குள் ஒரு வெறுமை வரும். அந்த வெறுமைக்குள் கந்தோர் ரெலிபோன் அடித்தது. முதலாளி வெளியே போயிருந்தார். நான்தான் எடுத்தேன்.

மூன்று வருடமாகிறது. இப்போதும் வீட்டில் ரெலிபோன் அடித்தால் என் கை உடனே போவதில்லை. மகளை எடுக்கச் சொல்லிவிட்டு, அவள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்போது நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து இரண்டு வருடம்தான். ஊரில் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு இங்கே றிச்மண்டில் ஒரு சுவெற்றர் பக்ரறியில் கந்தோர் வேலை கிடைத்தது. முதலாளி போலந்தில் பிறந்த யூதர். என் வயதுதான் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் சூரியன் படமுன் பக்ரறியைப் பூட்டிவிட்டு கோல்ஃபீல்டில் இருந்த வீட்டுக்குப் போய்விடுவார். பழுதான சுவெற்றர்களை மலிவாக விற்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பழுதான இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த இடம் மேலே தெரியும்படி மடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். முடிச்சுப் போடுவது என் வேலைகளில் ஒன்று.

"இவ்வளவு சின்னத் துளை. அதுவும் கமக்கட்டுக்குள். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதனால்தான்" என்றார்.

அந்தப் புதன்கிழமை ரெலிபோனில் பேசியவர் கிளேற்றனில் இன்னொரு பக்ரறி வைத்திருந்தவர். எங்களிடம் முன்பு வேலை செய்த ஒரு பெண் தன்னிடம் வேலை கேட்டு வந்திருக்கிறாள், ஆள் எப்படி என்று விசாரித்தார்.

அவளும் யாழ்ப்பாணம்தான். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். கார் பக்ரறியில் வேலை செய்த அவளுடைய கணவன் முதுகில் அடிபட்டுப் படுத்துவிட, மாரிகாலத்தில் எங்கள் வேலையை விட்டு நின்றவள். நோபல் பார்க்கில் வீடு, ஒரு வயதுப் பிள்ளை. கிளேற்றனில் வேலை கிடைத்தால் நாலு ஸ்ரேசன் தூரம்தான், மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து இருவரையும் பார்த்துவிட்டுப் போகலாம். தையலில் அவளுடைய கைக்கு நிகரான கை எங்கள் பக்ரறியில் இருக்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் சொன்னது இதுதான்: "அவளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை."

மறுபக்கத்தில் அவர் பேனையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "விளங்குகிறது, நன்றி" என்றார்.

எங்கள் ஊரில் கலியாணத்துக்கு விசாரிக்க வருகிறவர்களுக்குச் சொல்லும் பதில் அது. பெண்ணைப் பற்றிக் கெட்டது சொன்னால் பாவம், பழி. அதனால், "நான் ஒண்டும் சொல்ல விரும்பேல்லை, நீங்கள் வேற ஆரிட்டயும் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை முன்னே தள்ளுவார்கள். வந்தவர்கள் வெற்றிலையைத் தொடாமல் எழும்பிவிடுவார்கள். சம்பந்தம் அத்தோடு முடிந்தது. சொன்னவருடைய கையோ சுத்தம். அதை நாங்கள் மரியாதை என்றுதான் பழகியிருந்தோம்.

ஆனால் அன்று என் வாயில் வந்தது மரியாதை இல்லை. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் என் கணவர் ஓரிடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு முகம் கறுத்து வந்தார்.

"உன்ர மகள் றிச்மண்ட் ஸ்ரேசனில பள்ளிக்கூட உடுப்போட நிண்டு சிகரட் பத்தினவளாம்."

"ஆர் சொன்னது?"

"அங்க வேலை செய்த எங்கட ஆக்கள் ஆரோ கண்டவையாம். சபையில வைச்சுக் கேட்கிறாங்கள். எனக்குச் சோறு இறங்கேல்லை."

மகளுக்கு அப்போது பதினாறு. கேட்டதற்கு, அது நான் இல்லை என்று இங்கிலீசில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு நித்திரை போனது. குமர்ப்பிள்ளையின் பெயர் சபைக்கு வந்துவிட்டால் பிறகு எத்தனை கழுவினாலும் போகுமா? றிச்மண்டில் வேலை செய்த தமிழாட்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒன்று நான்.

ரெலிபோன் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, முதலாளி வந்ததும் வராததுமாக, தொப்பியைக்கூடக் கழற்றாமல், என் மேசைக்கு முன்னால் நின்றார். கிளேற்றன்காரரை முதல்நாள் எங்கேயோ சந்தித்திருக்கிறார்.

"அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"எந்த மாதிரி ஒன்றும் சொல்லவில்லை?"

நான் சொன்ன வசனத்தைத் திரும்பச் சொன்னேன். அவர் குரல் உயர்ந்தது. கந்தோருக்கும் தையல் பகுதிக்கும் நடுவே அரைச்சுவர்தான். "அவள் எதையோ திருடினாள் என்று அவர் நினைத்துவிட்டார். நீ பொய் சொல்லியிருந்தால்கூட அவர் என்னிடம் கேட்டுச் சரிபார்த்திருப்பார். உன் நல்ல பழக்கத்தாலேயே ஒரு பெண்ணின் சாப்பாட்டைப் பறித்துவிட்டாய்!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாத் தலையும் திரும்பியது. கிரேக்கப் பெண்ணொருத்தி வாயில் ஊசியோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அவர் அங்கேயே ரெலிபோன் எடுத்து கிளேற்றனுக்குப் பேசினார். அந்தக் கதிரையில் வேறொருத்தி இருந்துவிட்டாள். வந்தவளை எழுப்ப முடியாது, அதுவும் அநியாயம் என்று சொல்லி அவரே வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னார். ஒருவரைப் பற்றிக் கெட்டது சொல்வதை அவர்களுடைய சட்டம் தடுக்கிறதாம், அது உண்மையாகவே இருந்தாலும். அதற்குக் கீழே அதனுடைய தூசி என்று ஒன்று இருக்கிறதாம். 'அவரைப் பற்றிப் பேசாமல் விடுவோம்' என்பது அந்தத் தூசி. "நீ அவள்மேல் தூசியைக் கொட்டியிருக்கிறாய். அதை நான் துடைக்க முடியாது. கடவுளும் துடைக்கமாட்டார். அவள்தான் மன்னிக்க வேண்டும்."

அந்தச் சனிக்கிழமையே நோபல் பார்க்குக்குப் போனேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். கணவன் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவைத் திறந்தான். "என்ன அக்கா, விசயமே?" என்று கேட்டான். "சும்மா வந்தனான் தம்பி" என்று சொல்லி, கொண்டுபோன கேக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அடுத்த கிழமை அவள் இருந்தாள். முன்னறை முழுக்க வெட்டிய துணி. துண்டுக் கணக்கில் கூலி கொடுக்கும் யாரிடமோ சேட்டுக் கொலர் எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நிலத்தில் தவழ்ந்த பிள்ளையின் தலைமயிரில் நூல்கள் ஒட்டியிருந்தன.

"என்னால உமக்கு ஒரு பிழை நடந்துபோச்சுது தங்கச்சி. மனசில வைச்சிருக்காதையும்."

"அதுக்கென்ன அக்கா, நீங்கள் எனக்கு என்ன பிழை செய்யப் போறியள்!" அவள் சிரித்தாள். தேத்தண்ணி தந்தாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. ரயிலில் வரும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

யோம் கிப்பூர் என்பது அவர்களுடைய பெரிய விரத நாள்; அது வருமுன் யாருக்குப் பிழை செய்தார்களோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டுமாம். அதற்கு முதல்நாள் பக்ரறியை நேரத்தோடு மூடும்போது முதலாளி என் மேசைக்கு வந்தார். இந்தமுறை மெஷின் பெண்களிடம் வீட்டுக்குப் போகவேண்டாம், ஒரு நிமிடம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

"அன்று இவர்களுக்கு முன்னால் உங்களை வெட்கப்படுத்தினேன். சொன்னது சரி. சொன்ன இடம் பிழை. இவர்களுக்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன்."

"ஐயோ, அதொன்றுமில்லை" என்று எழும்பினேன்.

"மறுபடியும் உங்களுடைய ஒன்றுமில்லையா!" அவர் முகத்தில் சிரிப்பு வந்து போனது. "ஒன்று இருக்கிறது. மன்னியுங்கள், அல்லது மாட்டேன் என்று சொல்லுங்கள். எங்கள் முறைப்படி இன்னும் இரண்டு தரம் வந்து கேட்பேன்."

மன்னித்தேன் என்றேன். வாழ்நாளில் முதல்தரமாக அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னேன். எல்லோரும் போனபிறகு, பெருமையாகவோ என்னவோ, அவள் என்னை மன்னித்துவிட்டதாக அவரிடம் சொன்னேன். அவர் விளக்கை அணைக்கப் போனவர் நின்றார்.

"எதை மன்னித்தாள் என்று அவளுக்குத் தெரியுமா?"

நோபல் பார்க்குக்கு மூன்றாம் தரம் போனது மழை நாளில். எல்லாவற்றையும் சொன்னேன். ரெலிபோனை, அந்த வசனத்தை, பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும். "நீர்தான் என்ர பிள்ளையைப் பற்றிச் சபையில கதைச்சுப்போட்டீர் எண்டு எனக்குக் கோபம்" என்றேன். பழுதை மேலே தெரிய மடித்து வைத்துவிட்டேன். உள்ளறையில் அவள் கணவன் இருமுவது கேட்டது.

அவள் எழும்பினாள். நான் பாதி குடித்து வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அதைத் தொட்டிக்குள் ஊற்றும் சத்தமும், பிறகு நெடுநேரம் தண்ணீர் திறந்துகிடந்த சத்தமும் கேட்டன. நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு வந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு மணக்கவில்லை. பக்ரறியில் சிவப்பு நூலைக் கையில் எடுத்தால் அந்தப் பிள்ளையின் தலை ஞாபகம் வரும். மகள் பள்ளிக்கூடத்தால் வரப் பத்து நிமிடம் பிந்தினாலும், என் பழி அவளைப் பிடித்துவிட்டது என்று வாசலுக்கு ஓடுவேன்.

ஒரு மாதமிருக்கும். ஞாயிறு பின்னேரம் மணி அடித்தது. மகள்தான் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே பின்னுக்கு ஒரு அடி வைத்தாள். அவளுடைய முகத்தில் இரத்தம் இல்லை. வாசலில் நோபல் பார்க் தங்கச்சி தனியாக நின்றாள்.

"வாரும், உள்ளுக்கு வாரும்" என்றேன்.

"இல்லை அக்கா. இருக்க வரேல்லை. ரயிலுக்கு நேரமாகுது." அவள் என் மகளைப் பார்த்தாள். "பயப்பிடாதையும் பிள்ளை."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஸ்ரேசனில உங்கட மகளைக் கண்டது நான்தான். சிகரட்டைப் பறிச்சுக் காலால மிதிச்சனான். அம்மாட்டச் சொல்லமாட்டன், இனித் தொடாதையும் எண்டு சொன்னனான். இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை, என்ர மனிசனிட்டக்கூட. சபையில ஆர் கதைச்சதோ எனக்குத் தெரியாது. இவவைக் கேட்டுப் பாருங்கோ."

மகள் அழத் தொடங்கியிருந்தாள்.

"நீங்கள் கேட்ட மன்னிப்பு என்னட்டக் கிடக்கு அக்கா. இண்டைக்கு அது என்ர வாயில வராது. வந்தால், வந்து சொல்லுவன்."