ரயில் ஓடாத நாளில் ஒரு சொட்டு அமிலம்

பதிவுக் கருவியின் வரைதாளில் நீல மைக்கோடு எகிறியதை நான் முதலில் பார்த்தது தாம்பரத்தில், எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எலியின் முதுகெலும்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்த ஒற்றை நரம்பு உயிரணு. அதன் மின்துடிப்பைப் பிடிக்க, அதில் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய். அக்கா ஒரு சொட்டு அமிலக் கரைசலை விட்டார். கோடு எகிறி இறங்கியது. அமிலம் பட்டதும் உயிரணு தன் சுவரிலுள்ள நுண்ணிய வாசல்களைத் திறக்கிறது, அதுதான் வலியின் முதல் செய்தி என்றார்.

அக்கா என்னோடு ஆய்வு செய்தவர்; என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவார். அவருடைய அம்மா நெஞ்சுவலி என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டாக்டரிடம் மூன்று முறை போனார். மூன்று முறையும் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்காவது முறை போக அம்மா இல்லை. ரத்தம் கிடைக்காத இதயத் தசையில் அமிலம் சேரும். அதை நரம்பு எப்படி அறிகிறது? அக்காவுக்கு அது வெறும் ஆய்வுத் தலைப்பல்ல.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "இது ரயில்மா. எலக்ட்ரிக் ட்ரெயின் போறப்பல்லாம் நம்ம மெஷின் இப்படித்தான் குதிக்கும். வேற டாபிக் எடுத்துக்கோங்க." மாற்றாவிட்டால் அக்காவின் முனைவர் பட்டப் பதிவை நீட்டிக்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "எங்கம்மாவுக்கு வாயு, எனக்கு ரயிலா?"

அடுத்த வாரம் பந்த். பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. சிட்லபாக்கத்திலிருந்து இருவரும் நடந்தே போனோம். வழியில் அக்காவின் செருப்பு அறுந்தது. அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அன்று ஏழு உயிரணுக்களைப் பார்த்தோம். வெறும் உப்புக் கரைசலுக்கு ஒன்றும் அசையவில்லை. அமிலத்துக்கு ஐந்தில் கோடு எகிறியது.

மறுநாள் அக்கா தாள்களைப் பேராசிரியரின் மேசையில் வைத்தார்.

"நேத்து ஒரு ரயிலும் ஓடல சார்."

அவர் வெகுநேரம் புரட்டினார். "என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க."

"இப்பவே வாங்க சார்."

"இப்ப ட்ரெயின் ஓடுதே?"

"ஓடட்டும் சார்."

ரயில் போனபோது கோடு நடுங்கியது. சொட்டு விழுந்தபோது, அந்த நடுக்கத்துக்கு மேலே உயரமாக எகிறியது. பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

கையெழுத்தான படிவத்தை அக்கா வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. நானாக இருந்தால் மூன்று முறை சொல்லியிருப்பேன்; எனக்கு உரியதைத் தருபவர்களுக்கும், தலை நரைத்த இந்த வயதிலும் சொல்லத்தான் செய்கிறேன். அன்று அக்கா சொல்லாததை நினைத்தால் மட்டும் முதுகு தானாக நிமிர்கிறது.