தபசு நாளில் ஒட்டிக்கொண்ட கொட்டாவி

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் போனைப் பார்த்து ஒரு செய்தி வாசித்தாள். ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வருமே, அது எல்லாருக்கும் ஒரே மாதிரி வராதாம். வேற்றாளிடம் இருந்து அவ்வளவாக ஒட்டாதாம். பழகியவர்கள் என்றால் கூடுதலாம், வீட்டு மனுஷர் என்றால் இன்னும் கூடுதலாம். ஆராய்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்களாம். அவள் வாசித்து முடிக்குமுன் நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். எட்டாவதோடு நின்றவள் நான். ஆராய்ச்சியெல்லாம் எனக்கு எங்கே தெரியும். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் சித்தி ஞாபகம் வந்துவிட்டது.

என்னைப் பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறு வருஷம் அப்பா ராயகிரியில் இருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. சித்தியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். தாகம் எடுத்தால், "தண்ணி வேணும்" என்று பானையைப் பார்த்துச் சொல்வேன். சித்தியும் பானை கேட்டதுபோல மொண்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

எங்கள் ஊர்க் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அத்தை திருவேங்கடத்தில் இருந்து வந்தாள். அப்பாவுக்கு அக்கா. காலையிலேயே என் பாவாடை சட்டையை ஒரு மஞ்சள் பையில் திணித்துவிட்டாள்.

"ஏலே தம்பி, பிள்ள அவகூட வாயத் தெறக்க மாட்டேங்கா. இப்படியே விட்டா பிள்ள ஊமையாப் போயிரும். காட்சி முடியவும் நான் கூட்டிட்டுப் போறேன். அங்கனயே படிக்கட்டும்."

அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு, "சரிக்கா" என்றார். சித்தி அடுப்படியில் புளியோதரையைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மத்தியானமே நாங்கள் நாலு பேரும் தெற்கு ரத வீதியில் பூட்டின கடை ஒன்றின் படியில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டோம். கோமதி அம்மாள் ஒற்றைக்காலில் தவம் இருக்க, சங்கரனும் நாராயணனும் ஓருருவாகக் காட்சி கொடுக்கும் நேரத்துக்கு ஊர் முழுக்கக் காத்திருந்தது. அத்தை மடியில் அவள் காட்டில் விளைந்த பருத்தியும் மிளகாய் வற்றலும் இருந்தன, காட்சி நேரத்தில் அம்மாளுக்கு வீச. என் மடியில் மஞ்சள் பை.

வெயிலுக்குச் சித்திக்குக் கொட்டாவி வந்தது. எங்கள் ஊரில் கொட்டாவி வந்தால் வாய்க்கு நேரே சொடக்குப் போட்டு, "சங்கரா நாராயணா" என்று சாமி பேரைச் சொல்ல வேண்டும். சித்தி சொன்னாள். உடனே எனக்கும் வந்தது. அவள் கை தன்னால் நீண்டு என் வாய்க்கும் ஒரு சொடக்குப் போட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன ராயகிரிக்காரி, தவம் இருக்கது அம்மாளா, நீயா? இப்பமே கண்ணு சொருகுது" என்றாள் அத்தை.

"விடியுமுன்ன எந்திரிச்சது மதினி" என்ற சித்தி இன்னொன்று விட்டாள். எனக்கும் வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். மூக்கு வழியாக வந்தது.

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே வாயை அகலத் திறந்து, வெற்றிலைக் கறைப் பல் எல்லாம் தெரிய, ஆவென்று ஒன்று விட்டாள். எனக்கு வரவில்லை. படியோரம் இருந்த பலூன்காரர்தான் சிரித்தார்.

"ஏட்டி, அத்தை விட்டா வர மாட்டேங்கு. அவ விட்டா மட்டும் வருதோ?"

அதற்குப்பின் சித்தி கொட்டாவியாக விட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஓரக்கண்ணால் என் வாயைப் பார்ப்பாள். நானும் விடுவேன். இப்படியும் ஒரு தூங்குமூஞ்சி உண்டா என்று நினைத்துக்கொண்டேன். அத்தை எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் காட்சி ஆயிற்று. சனம் எல்லாம் கைதூக்கிக் கும்பிட்டது. பருத்தியும் நெல்லும் வற்றலும் தலைக்கு மேல் பறந்தன. அத்தையும் மடியை உதறி வீசிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் கையில் இருந்த மஞ்சள் பையை வாங்கினாள். போக வேண்டியதுதான் என்று நான் எழுந்து பாவாடையைத் தட்டினேன். அவள் பையைச் சித்தி கையில் கொடுத்தாள்.

"பிள்ள இங்கனயே இருக்கட்டும்லே தம்பி. இவகூட ஒட்டிக்கிடுவா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கூட்டத்துக்குள் நடந்தாள். ஏன் என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், சித்தி பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு தண்ணீர் வருகிறதே, எவ்வளவு பெரிய கொட்டாவியோ, சாமி பேரைச் சொல்லக்கூட முடியவில்லை போல என்று நினைத்தேன்.

நான் எக்கி நின்று அவள் வாய்க்கு நேரே சொடக்குப் போட்டேன். பிஞ்சு விரல், சத்தம் வரவில்லை.

"சங்கரா நாராயணா" என்றேன்.

அவள் எனக்கு எட்டும்படி குனிந்தாள். அந்தக் கொட்டாவி மட்டும் எனக்கு ஏன் ஒட்டவில்லை என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.